ஜோகூர் மண்ணில் பருப்பு விளையுமா?

சாம்பாருக்குப் போடும் பருப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், பெரும்பாலான வீடுகளில் கிடைக்கும் பதில் ‘மளிகைக் கடையிலிருந்து’ என்பதுதான். மைசூர்ப் பருப்பு ஆஸ்திரேலியாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வருகிறது. துவரை பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வருகிறது. தவுகே முளைக்க வைக்கும் பச்சைப்பயறும், தாவ்பூ செய்யும் சோயாவும் ஏறக்குறைய முழுவதும் கப்பலில் வந்து இறங்குபவையே. விலை ஏறும்போதெல்லாம் தொலைக்காட்சி மேடைகளில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது. இவ்வளவு மழையும் வெயிலும் உள்ள நம் நாட்டில் இந்தப் பருப்பைப் பயிரிட முடியாதா?

ஜோகூரைப் பொறுத்தவரை இக்கேள்விக்கு ஒரு வேடிக்கையான பின்னணி உண்டு. பயறு வகைச் செடிகள் இந்த மாநிலத்துக்குப் புதியவை அல்ல. குளுவாங், செகாமட், கூலாய், கோத்தா திங்கி வட்டாரங்களின் தோட்டங்களில் ஏறக்குறைய நூறாண்டுகளாக அவரைக் குடும்பத்துக் கொடிகளை விதைத்து வந்திருக்கிறார்கள். விதைத்தவர்களில் பெரும் பகுதியினர் தமிழர்களே. ஆனால் அவற்றிலிருந்து ஒரு பிடி மணிகூட அடுப்புக்குப் போனதில்லை. மரத்துக்கு உரம் சேர்க்கத்தான் அவை வளர்க்கப்பட்டன.

காற்றிலிருந்து வரும் உரம்

நாம் மூச்சு விடும் காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். தழைச்சத்து என்று விவசாயிகள் சொல்வது இதையே. தலைக்கு மேல் இவ்வளவு இருந்தும் நெல்லோ, செம்பனையோ, வாழையோ அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. அவரைக் குடும்பத்துச் செடிகளில் பலவற்றுக்கு மட்டும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. அவற்றின் வேரில் ரைசோபியம் இனத்தைச் சேர்ந்த நுண்ணுயிர்கள் குடியேறிச் சிறு முடிச்சுகளை உண்டாக்குகின்றன. செடி அவற்றுக்குச் சர்க்கரை கொடுக்கிறது. அவை காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடி உண்ணக்கூடிய வடிவுக்கு மாற்றித் தருகின்றன. ஜெர்மானிய அறிஞர்களான ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் 1886 முதல் 1888 வரை நடத்திய சோதனைகளில் இது உறுதியானது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு பயற்றங்காய்ச் செடியைப் பூக்கும் பருவத்தில் வேர் அறுபடாமல் மண்வெட்டியால் கெல்லி எடுத்து, நீரில் அலசினால் கடுகு முதல் மிளகு வரை பருமனான முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் பிளந்து பார்க்க வேண்டும். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் அந்த முடிச்சு வெறும் அலங்காரமே. நம் இரத்தத்தைச் சிவப்பாக்கும் பொருளுக்கு உறவான ஒன்றே அந்தச் சிவப்புக்கும் காரணம்.

இந்தக் குடும்பத்தில் சுமார் 19 ஆயிரம் இனங்கள் உண்டு. சூரியகாந்திக் குடும்பம், ஆர்க்கிட் குடும்பம் இரண்டுக்கும் அடுத்த பெரிய தாவரக் குடும்பம் இதுவே. சாலையோரத் தொட்டாற்சிணுங்கியும், வேலியில் படரும் சங்குப்பூவும், வீட்டு முற்றத்து அகத்தியும் இதில் அடங்கும். எல்லாச் செடிக்கும் முடிச்சு இருப்பதில்லை. மஞ்சள் பூங்கொத்து நிமிர்ந்து நிற்கும் வண்டுகொல்லி, அதாவது மலாய்க்காரர்கள் கெலெங்காங் என்று சொல்லும் செடி, இதே குடும்பத்ததுதான், ஆனால் அதன் வேரில் முடிச்சு கிடையாது.

பால்மரத்தடியில் கற்ற பாடம்

மலாயாவில் ரப்பர் பரவிய தொடக்க காலத்தில் தோட்டத்துரைமார்கள் ஒரு தவற்றைச் செய்தார்கள். மரத்தடியில் ஒரு புல்கூட இருக்கக்கூடாது என்பது அவர்களின் கொள்கை. அதற்காகவே புல்வெட்டுக்கு ஆள் வைத்தார்கள். பெண்களும் பெரிய பிள்ளைகளும் வெயிலில் குனிந்து மண்ணைச் சுரண்டிச் சுத்தமாக வைத்தார்கள். பார்வைக்கு அழகாக இருந்த அந்த நிலம், மழை பெய்தபோது மேல்மண்ணை ஆற்றுக்குக் கொடுத்தது. சரிவான நிலங்களில் மரத்தின் வேர் வெளியே தெரியத் தொடங்கிய பிறகுதான் சிந்தனை மாறியது.

ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925-ல் சட்டப்படி அமைந்தது. அந்தக் காலக்கட்டத்தை ஒட்டியே மூடுபயிர் வளர்க்கும் பழக்கம் பரவியது. பியூரேரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசீமா என்னும் மூன்று கொடிகளைக் கலந்து விதைப்பது தோட்டங்களின் வழக்கமாயிற்று. 1990-களில் இந்தியாவிலிருந்து வந்த முக்குனா பிராக்டியாட்டா என்ற கொடி செம்பனைத் தோட்டங்களில் வேகமாக இடம் பிடித்தது. இது நம் ஊர்ப் பூனைக்காலியின் நெருங்கிய உறவு. இளஞ்செம்பனைக் காட்டில் தரையே தெரியாமல் மூடியிருக்கும் அகன்ற இலைக்கொடி பெரும்பாலும் இதுவே.

நல்ல மூடுபயிர் ஒரு ஹெக்டர் நிலத்தில் ஆண்டுக்கு 100 கிலோவுக்கும் மேல் தழைச்சத்தைச் சேர்க்க வல்லது. யூரியாவில் தழைச்சத்து 46 விழுக்காடு. ஆகவே 100 கிலோ என்பது 50 கிலோ யூரியா மூட்டை நான்குக்கும் சற்று அதிகம். உரக்கடைக்குப் போகாமல், லாரி வாடகை கொடுக்காமல் கிடைப்பது.

இங்கேதான் இயற்கை வேளாண்மை பற்றிப் பேசும் பலர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். மூடுபயிரில் விளைந்தது முழுவதும் நிலத்திலேயே மட்குகிறது. பருப்புக்காகப் பயறு வளர்த்தால் மணியை நாம் எடுத்துக்கொண்டு போகிறோம். பச்சைப்பயற்றில் புரதம் ஏறக்குறைய 24 விழுக்காடு. அந்தக் கணக்கில் ஒரு டன் பயற்றோடு 38 கிலோ தழைச்சத்து நிலத்தை விட்டு வெளியேறுகிறது. ‘பயறு போட்டால் போதும், மண் தானாகக் கொழுத்துவிடும்’ என்ற பேச்சு பாதி உண்மையே. காயைப் பறித்த பிறகு செடியைப் பிடுங்கி எரிக்காமல், வேரை மண்ணிலேயே விட்டுத் தண்டையும் இலையையும் அங்கேயே மட்கவிட்டால்தான் நிலத்துக்கு ஏதாவது மிஞ்சும்.

தமிழ்நாட்டில் இயற்கை வேளாண்மையைப் பரப்பிய கோ. நம்மாழ்வார், 1938-ல் பிறந்து 2013-ல் மறைந்தவர், பலதானிய விதைப்பை வலியுறுத்தி வந்தார். தானியம், பயறு, எண்ணெய் வித்து, தழையுரச் செடி என்று பலவற்றைக் கலந்து விதைத்து, பூக்கும் நேரத்தில் மடக்கி உழுவது அந்த முறை. மணிக்காக ஒரு பருவம், மண்ணுக்காக ஒரு பருவம் என்று பிரித்துக்கொள்வதற்கு அது நல்ல வழி.

எது வரும், எது வராது

முதலில் ஆசையைக் குறைத்துக்கொள்ள வேண்டிய இரண்டு பயிர்கள் உண்டு. மைசூர்ப் பருப்பும் கொண்டைக்கடலையும் மேற்கு ஆசியாவின் குளிர்ந்த, வறண்ட பருவத்தில் பழகியவை. ஆண்டு முழுவதும் ஒரே வெப்பமும், 2,000 மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட மழையும் உள்ள ஜோகூர்த் தாழ்நிலத்தில் அவற்றை விதைத்தால் செடி முளைக்கும், பூஞ்சை பிடிக்கும், அதோடு கதை முடியும்.

மற்றவை அப்படியல்ல. தட்டைப்பயறு என்ற காராமணிக்கும், பசாரில் கட்டுக்கட்டாக விற்கும் காச்சாங் பாஞ்சாங்குக்கும் என்ன உறவு என்று பலருக்குத் தெரிவதில்லை. இரண்டும் ஒரே இனம். ஒன்று மணிக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட வகை, மற்றது நீண்ட காய்க்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட வகை, அவ்வளவே வேறுபாடு. காச்சாங் பாஞ்சாங் ஜோகூரில் எங்கும் விளைகிறது. அப்படியானால் தட்டைப்பயறும் விளையும். நிலக்கடலை, பச்சைப்பயறு, உளுந்து, மொச்சை, துவரை ஆகியவற்றையும் இந்தப் பட்டியலில் சேர்க்கலாம்.

பிறகு ஏன் காயாகவே சாப்பிடுகிறோம், மணியாக ஏன் எடுப்பதில்லை? இதற்கான விடை மழை. பயறு முற்றிக் காயும் இரண்டு வாரத்தில் வானம் வெளுத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் தொடர்ந்து நனைந்தால் பச்சைப்பயறு நெற்றுக்குள்ளேயே முளைவிட்டுவிடும். மழை நாட்டில் வாழ்ந்தவர்கள் இதை அறிந்தே பயற்றைப் பச்சைக் காயாகப் பறித்துத் தின்றார்கள். காச்சாங் பாஞ்சாங், காச்சாங் போத்தோல் எல்லாம் அந்த அறிவின் விளைவு. வறண்ட நாட்டில் வாழ்ந்த நம் முன்னோர் மணியாகக் காயவைத்து, உடைத்து, பானையில் சேமித்தார்கள். இரண்டு சமையலறைகளும் இரண்டு வானிலைகளின் பிள்ளைகள்.

காச்சாங் போத்தோல் என்னும் சிறகவரை தனியே பேசத்தக்கது. நான்கு பக்கமும் இறகு வைத்த அதன் காய் மட்டுமன்றி இலை, பூ, கிழங்கு, முற்றிய விதை அனைத்தும் உண்ணத் தகுந்தவை. விதையின் புரதம் சோயாவுக்கு ஈடு. 1975-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் இதைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டு, வெப்ப நாடுகளின் புரதப் பயிர் என்று அறிமுகப்படுத்தியது. ஆனாலும் அது சோயாவின் இடத்தைப் பிடிக்கவில்லை. கொடிக்குப் பந்தல் வேண்டும், காய்கள் ஒரே நேரத்தில் முற்றுவதில்லை, விதையின் தோல் கடினம். இயந்திரம் கொண்டு அறுக்கும் பெரிய பண்ணைக்கு இவை குறைகள். வேலி ஓரத்தில் பத்துக் கொடி வளர்க்கும் குடும்பத்துக்கு இவை குறையே அல்ல.

நிலத்துக்கடியில் காய்க்கும் பம்பாரா கடலையும் மலேசியாவின் வடமாநிலங்களில் காச்சாங் போய் என்ற பெயரில் பயிராகி வந்திருக்கிறது. 2011-ல் செமினியில் தொடங்கிய ‘எதிர்காலப் பயிர்கள்’ ஆராய்ச்சி மையம் அந்தக் கடலைக்கு முதலிடம் கொடுத்து ஆராய்ந்தது.

புளித்த மண்

ஜோகூரின் செம்மண்ணைப் பார்த்து வளமானது என்று எண்ணிவிட முடியாது. கருங்கல் சிதைந்து உண்டான மண்வகை ஒன்றுக்கு ரெங்கம் வகை என்றே பெயர். குளுவாங்குக்குப் பக்கத்திலுள்ள ரெங்கம் ஊரின் பெயர் அது. இத்தகைய மண்ணில் அமிலத்தன்மை அதிகம். பிஎச் அளவு நான்குக்கும் ஐந்துக்கும் இடையில் நிற்பது வழக்கம். அந்த நிலையில் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்குகிறது. முடிச்சு வேலை செய்யத் தேவையான மாலிப்டினம் என்ற நுண்சத்தும் கிடைக்காமல் போகிறது. பொந்தியான் பக்கத்துக் கரிச்சதுப்பு நிலம் இன்னும் புளிப்பு. அன்னாசி அங்கே செழிப்பது அந்தப் புளிப்பைத் தாங்குவதால்தான். அதே நிலத்தில் பச்சைப்பயற்றைப் போட்டுப் பார்ப்பது பண விரயம்.

மற்ற இடங்களில் வழி உண்டு. தோட்டங்களில் பழக்கமான மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் தூள் இயற்கை வேளாண்மைக்கும் ஏற்றது. அது வெட்டியெடுத்து அரைத்த கல், இரசாயன உரம் அன்று. விதைப்பதற்கு மூன்று நான்கு வாரம் முன்பே அதைத் தூவிக் கிளறிவிட வேண்டும். எவ்வளவு என்பதை மண்ணைச் சோதித்துத்தான் சொல்ல முடியும். அண்டை வீட்டுக்காரர் போட்ட அளவைப் பார்த்துப் போடுவது சரியல்ல. செம்பனை ஆலையிலிருந்து வரும் வெற்றுக்குலை மட்கினால் நல்ல எருவாகும். அதில் சாம்பல் சத்து நிறைய உண்டு.

விதையோடு நுண்ணுயிர்க் கலவை சேர்க்க வேண்டுமா என்று பலரும் கேட்பதுண்டு. தட்டைப்பயறு, நிலக்கடலை, பச்சைப்பயறு ஆகியவை வெப்ப நாட்டு மண்ணில் இயல்பாகவே உள்ள நுண்ணுயிர்களோடு ஒத்துப்போகும். சோயா அப்படியல்ல. அதற்கென்று தனி இனம் வேண்டும், கலவை சேர்க்காவிட்டால் பல இடங்களில் முடிச்சே வராது. ஆகவே முதன்முறை பயிரிடுபவர் சோயாவில் கைவைக்காமல் தட்டைப்பயற்றில் தொடங்குவதே அறிவுடைமை.

நாளைப் பார்த்து விதைப்பது

பச்சைப்பயறு 60 முதல் 70 நாளில் முற்றிவிடும். இந்தக் குறுகிய காலமே ஜோகூருக்கு வாய்ப்பு. மெர்சிங், கோத்தா திங்கி போன்ற கிழக்குப் பகுதிகளில் வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கிப் புத்தாண்டைத் தாண்டியும் நீடிக்கும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து வந்த வெள்ளம் செகாமட்டையும் கோத்தா திங்கியையும் எப்படி மூழ்கடித்தது என்பதை அங்குள்ளவர்கள் மறக்கவில்லை. அந்த மாதங்களில் பயற்றைப் பற்றி நினைக்கவே வேண்டாம். மே நடுவில் விதைத்தால் ஜூலைக் கடைசியில் காய் முற்றும். தென்மேற்குப் பருவக் காற்றின் அந்த மாதங்களில் மழை ஒப்பளவில் குறைவு. ஆனாலும் மேட்டுப்பாத்தி கட்டியே தீர வேண்டும். வேரடியில் ஒரு நாள் நீர் தேங்கினால்கூட முடிச்சுகள் மூச்சுத் திணறும்.

காய்களை ஒரே நாளில் அறுக்கக்கூடாது. கறுத்த நெற்றுகளை மூன்று நான்கு முறையாகக் காலையில் பறித்து, கூரைக்குக் கீழே பரப்பி உலர்த்தி, வெயில் வந்தபோது வெளியே வைத்து எடுப்பதே இங்குள்ள வானிலைக்குப் பொருந்தும். இது கைவேலை. ஆள் கூலி கொடுத்துச் செய்தால் கட்டுப்படியாகாது என்பதையும் மறைக்கத் தேவையில்லை. இறக்குமதிப் பயறோடு விலையில் போட்டியிட முடியாது. குடும்பத் தேவைக்கும், இயற்கை விளைபொருளுக்குக் கூடுதல் விலை கொடுக்கத் தயாராக உள்ள வாடிக்கையாளருக்கும் மட்டுமே இக்கணக்கு ஒத்துவரும். அப்படி விற்க விரும்புகிறவருக்குச் சான்றிதழ் வேண்டும். விவசாய இலாகா 2003-ல் தொடங்கிய மலேசிய ஆர்கானிக் திட்டம், பின்னர் மைஆர்கானிக் என்று பெயர் மாறிச் செயல்படுகிறது.

காய்த்துளைப்பான் புழுவும் வண்டும் இதில் பெரிய எதிரிகள். புழுவைப் பூக்கும் பருவத்தில் தினமும் பார்த்துப் பொறுக்குவதைவிடச் சிறந்த மருந்து சிறு பாத்திக்குக் கிடையாது. வண்டு பிறகு வரும், பானைக்குள். தமிழ்நாட்டில் துவரைக்குச் செம்மண் கட்டுவார்கள். செம்மண்ணைக் குழைத்து மணிமேல் பூசி உலர்த்தி வைத்தால் வண்டு முட்டையிட இடமில்லாமல் போகும், தோலும் எளிதில் உடையும். அந்தச் செம்மண்ணுக்கு ஜோகூரில் பஞ்சமே இல்லை.

காட்டின் பயறு

வெளியூர்ப் பயற்றைப் பற்றி இவ்வளவு பேசிய பிறகு, இந்த வட்டாரத்துக்கே உரிய பயறு எது என்ற கேள்வி எழ வேண்டும். அதை வயலில் தேடினால் கிடைக்காது, அண்ணாந்து பார்க்க வேண்டும். பெத்தாய் அவரைக் குடும்பம். ஜெரிங் அவரைக் குடும்பம். மழைக்காட்டில் பயறு மரத்தில் காய்க்கிறது. காடு வாழ் மக்கள் இதைக் காலங்காலமாகப் பறித்து உண்டும் விற்றும் வருகிறார்கள். ஜெரிங்கை அதிகம் தின்றால் அதிலுள்ள ஓர் அமிலம் சிறுநீர்ப்பாதையில் ஊசி ஊசியாகப் படிந்து கடும் வலி தரும் என்பதும் அவர்கள் அறிந்ததே. காட்டுப் பயறு என்றவுடன் வாயில் போட்டுப் பார்க்கும் துணிச்சல் வேண்டாம். குன்றிமணியும் அழகான பயறுதான், மென்று விழுங்கினால் ஓர் உயிரையே எடுத்துவிடும்.

கடற்கரைக்குப் போனாலும் பயறு உண்டு. ஜோகூரின் கிழக்குக் கரை போன்ற மணற்கரைகளில் மஞ்சள் பூவோடு படர்ந்து கிடக்கும் ஒரு கொடி, பச்சைப்பயறுக்கும் உளுந்துக்கும் ஒன்றுவிட்ட சகோதரன். விக்னா மரினா என்பது அதன் அறிவியல் பெயர். உப்பு நீர் தெறிக்கும் மணலில் மற்றப் பயறுகள் வாடிச் சாகும், இது மட்டும் பூத்துக் காய்க்கும். ஜப்பானிய ஆய்வாளர்கள் இதன் உப்புத் தாங்கும் தன்மையைத் துருவி ஆராய்ந்து வருகிறார்கள். கடல் நீர் புகுந்து வயல்கள் உப்பாகும் காலத்தில் இப்படிப்பட்ட காட்டு உறவுகளே பயிர்களுக்குக் கைகொடுக்கும். தங்குவிடுதி கட்ட மணல்மேட்டைச் சமன்படுத்தும்போது முதலில் போவதும் இந்தக் கொடிதான்.

எது எங்கே இருக்கிறது என்று எழுதி வைக்காவிட்டால், போனது தெரியாமலே போய்விடும். தாவரக் கணக்கெடுப்பு அதற்காகத்தான்.

எழுதி வைத்தவர்கள்

ஜோகூர் இதில் பேர் பெற்ற மாநிலம். ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் 1854-ல் குனோங் லேடாங்கில் ஏறி, அங்கு கண்ட அரிய பெரணிகளைப் பற்றி எழுதினார். ரப்பரைப் பரப்பிய எச்.என். ரிட்லி, மலாய்த் தீபகற்பத்தின் தாவரங்களை 1922 முதல் 1925 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார். 1935-ல் பர்க்கில் வெளியிட்ட இரண்டு தொகுதி அகராதி, எந்தச் செடியை எந்த மக்கள் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதைத் தொகுத்தது. ஈ.ஜே.எச். கார்னர் சிடிலி ஆற்றங்கரைச் சதுப்புக் காடுகளில் அலைந்தவர். உயர்ந்த மரங்களின் பூவையும் காயையும் பறித்துப்போட, தேங்காய் பறிக்கும் பெரோக் குரங்குகளைப் பழக்கி வைத்திருந்தார். அக்காட்டைப் பற்றிய அவருடைய நூல் 1978-ல்தான் வெளிவந்தது. அதற்குள் அந்தக் காட்டின் பெரும்பகுதி அழிந்துவிட்டது.

கணக்கெடுப்பு ஒரு காட்டைக் காத்த கதையும் இங்கேயே உண்டு. ஜோகூர், பகாங் எல்லையிலுள்ள எண்டாவ் ரொம்பின் காட்டில் 1977-ல் பகாங் பக்கத்தில் மரம் வெட்ட அனுமதி தரப்பட்டது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்து வேலை நின்றது. ஆனால் அக்காட்டில் என்ன இருக்கிறது என்று விரிவாகச் சொல்லக்கூடியவர் அன்று அதிகம் பேர் இல்லை. 1985, 86-ஆம் ஆண்டுகளில் மலாயா இயற்கைக் கழகம் ஒரு பெரும் ஆய்வுப் பயணத்தை நடத்தியது. அறிஞர்களோடு பொதுமக்களும் தொண்டர்களாகக் கலந்துகொண்டார்கள். காட்டை அறிந்த ஜக்கூன் பழங்குடியினர் அவ்வட்டாரத்தின் மக்கள். அறிவியல் அதுவரை பெயர் வைக்காத செடிகள் வெளிச்சத்துக்கு வந்தன. ஜானிங் மலையின் உச்சிச் சமநிலத்தில் கூட்டமாக நிற்கும் விசிறிப்பனை ஒன்று 1987-ல் எண்டாவ் ஆற்றின் பெயராலேயே லிவிஸ்டோனா எண்டாவென்சிஸ் என்று பெயர் பெற்றது. 1993-ல் ஜோகூர் பக்கத்துக் காடு மாநிலத் தேசியப் பூங்காவாக அரசிதழில் இடம்பெற்றது.

லயத்து வீட்டுச் செடிகள்

காட்டுக்கு இவ்வளவு செய்தாகிவிட்டது. தோட்டப்புறத்துக்கு யார் செய்தது? லயத்து வீட்டுப் பின்கட்டில் துவரையும் மொச்சையும் அகத்தியும் வைத்திருந்தவர்கள் தாங்கள் வைத்த விதைக்குப் பட்டியல் போட்டதில்லை. 2006-க்குப் பின் தென் ஜோகூரில் இஸ்கந்தர் வட்டாரமாகப் பெருநகரம் விரிந்தபோதும், அதற்கு முன்பே தோட்டங்கள் வீடமைப்பாக மாறியபோதும், வீடுகளோடு அந்தப் பின்கட்டுகளும் போயின. பல ஆண்டுகள் புளிப்பு மண்ணிலும் மழையிலும் தாக்குப்பிடித்துக் காய்த்த மொச்சை விதை என்றால், அது இந்த வட்டாரத்துக்கே பழகிய விதை. கடையில் வாங்கும் பொட்டலத்தில் அது கிடைக்காது. அத்தகைய விதை யாரிடமாவது இன்னும் இருந்தால் அவருக்கு எழுபது, எண்பது வயதாகியிருக்கும்.

செடிகளின் பெயரும் அப்படியே. கீழாநெல்லியை மலாய்க்காரர்கள் டுக்கோங் ஆனாக் என்கிறார்கள், வல்லாரையை பெகாகா என்கிறார்கள். இவை இரண்டிலும் குழப்பமில்லை. மஞ்சள் கரிசலாங்கண்ணியில்தான் சிக்கல். நகராண்மைக் கழகங்கள் சாலை நடுவிலும் மேட்டுச் சரிவிலும் நட்டிருக்கும் மஞ்சள் பூக்கொடியைப் பார்த்து, ‘இதுதான் கரிசலை’ என்று பறிப்பவர்கள் உண்டு. சித்த மருத்துவத்தில் சொல்லப்படும் கொடியும் அதுவும் ஒரே பேரினம், பூவும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் சாலையில் இருப்பது தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட வேறு இனம். ஒன்றின் குணம் மற்றொன்றுக்கு இருக்கும் என்று எடுத்துக்கொள்ள எந்த ஆதாரமும் இல்லை. வெறும் பெயரை மட்டும் எழுதி வைத்தால் இப்படித்தான் நேரும். அதனால்தான் தாவர ஆய்வாளர்கள் செடியையே சாட்சியாக வைக்கிறார்கள்.

செய்முறை எளிது. பூவும் காயும் உள்ள ஒரு கிளையை நாளிதழுக்கு நடுவில் வைத்து, இலை ஒன்றின் அடிப்பக்கம் மேலே தெரியும்படி திருப்பி, கனமான பலகையால் அழுத்த வேண்டும். நம் நாட்டு ஈரத்தில் தாளைத் தினமும் மாற்றாவிட்டால் இரண்டாம் நாளே பூஞ்சணம் பிடிக்கும். உலர்ந்ததைத் தடித்த அட்டையில் ஒட்டிப் பக்கத்தில் நாள், இடம், செடியின் உயரம், பூவின் நிறம் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். பூவின் நிறத்தைப் பறித்தவுடனே எழுதுவது முக்கியம், உலர்ந்தால் எல்லாம் பழுப்பே. கைப்பேசிப் படம் உதவும், ஆனால் செடிக்கு ஈடாகாது. வேர் முடிச்சையும் இலையடி மயிரையும் படத்தில் தேட முடியாது.

வீட்டு நிலத்திலும், உரிமையாளர் ஒப்புதலோடு தோட்டத்திலும் இதைச் செய்யத் தடையில்லை. எண்டாவ் ரொம்பின், குனோங் லேடாங் போன்ற பூங்காக்களில் ஜோகூர் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியின்றி ஓர் இலையைக்கூடக் கிள்ளக்கூடாது. நிரந்தர வனக்காப்பகங்களுக்கு 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டம் உண்டு. அடையாளம் காண முடியாத செடிகளை ஒப்பிட்டுப் பார்க்க, கெப்போங்கிலுள்ள வன ஆராய்ச்சிக் கழகத்தின் உலர்தாவரச் சாலை இருக்கிறது. பயிர் விதைகளுக்குச் செர்டாங்கில் மார்டியின் விதை வங்கி இருக்கிறது.

அட்டையில் இன்னொரு வரியும் வேண்டும். செடியைக் காட்டிய பாட்டியோ தாத்தாவோ அதை என்ன பெயரிட்டு அழைத்தார், எந்தத் தோட்டத்தில் வளர்த்தார், விதையை யாரிடமிருந்து பெற்றார், எப்போது விதைத்து எப்போது பறித்தார், எதனோடு சேர்த்துச் சமைத்தார் என்று அவர் சொன்னபடியே, அவர் இருக்கும்போதே எழுதிக்கொள்ள வேண்டும்.